கால் மில்லிமீட்டர் கணக்கு

யாரும் தொடாமல் சுவரோரம் சாய்ந்திருக்கும்போதும் பேஸ் கித்தாரின் கழுத்துக்கு ஓய்வில்லை. சுருதி கூட்டிய நான்கு கம்பிகளும் ஒவ்வொன்றும் 18, 20 கிலோ எடைக்கு ஈடான விசையில் அதை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நான்கையும் கூட்டினால் 70 கிலோவைத் தாண்டும். வளர்ந்த ஒருவர் தொங்குகிற அளவு இழுப்பை இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள ஒரு மரத்துண்டு வருடக்கணக்கில் தாங்குகிறது. கம்பிகள் மரத்தின் மேற்பரப்புக்கு மேலே ஓடுவதால் அந்த இழுப்பு கழுத்தை வில்லாக வளைக்கவும் பார்க்கிறது.

விசையைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. கம்பியின் சுருதியைத் தீர்மானிப்பவை மூன்று: அதன் நீளம், அதன் எடை, அதை இழுக்கும் விசை. 1636இல் பிரெஞ்சுத் துறவி மரேன் மெர்சென் இவற்றின் உறவை எழுதிவைத்தார். 1951இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபென்டர் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது கம்பி நீளத்தை 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர் என்று வைத்தார். இன்றைக்கும் பெரும்பாலான பேஸ்களின் நீளம் அதுதான். தடித்த கம்பி நொடிக்கு 41.2 முறை அதிர வேண்டும். அந்தக் கம்பியில் ஒரு மீட்டர் ஏறக்குறைய 35 கிராம் இருக்கும். இந்த இரண்டையும் மெர்சென் விதியில் போட்டால் விசை 18 கிலோ என்று வந்து நிற்கும். மெல்லிய கம்பி போட்டால் விசை குறையும், ஆனால் கம்பி தொளதொளத்துப் போய், மீட்டும்போதெல்லாம் கழுத்தில் அறைந்த ஃபிரெட்டுகளில் அடித்துக் கரகரக்கும். நிறைவான அடிநாதம் வேண்டுமென்றால் இந்த இழுப்பை ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

தமிழ்க் காதுக்கு அந்த அடிநாதம் புதிதல்ல. இளையராஜாவின் 80களின் பாடல்களில் பேஸ் கித்தார் தாளத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளாது. பாடகரின் மெட்டுக்குக் கீழே தனக்கென்று ஒரு மெட்டு வைத்துக்கொண்டு நடக்கும். மலேசியாவின் கெடா மாநிலத்தில் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களிலும் கல்யாண மண்டபங்களிலும் அந்தப் பாடல்களை வாசித்த குழுக்களில் பேஸ் வாசிப்பவர் தடுமாறினால் பாட்டே வேறாகிவிடும். அண்டை மாநிலமான பினாங்கிலிருந்து எழுந்த ஆலிகேட்ஸ் குழுவில் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் மலாய்ப் பாடல்களால் நாடு முழுக்கப் பெயர் பெற்றதும் இந்த வட்டாரத்துக்கு மேடை இசைக்கருவிகள் எவ்வளவு நெருக்கம் என்பதைக் காட்டும். கருவி நெருக்கம்தான். அதைச் சீர்செய்யும் கருவிகள்தாம் இன்னும் பலருக்குத் தூரமாக இருக்கின்றன.

கெடாவின் பெண்டாங்கை எடுத்துக்கொள்வோம். அலோர் ஸ்டாருக்குத் தெற்கே வயல்வெளியும் ரப்பர் மேடுகளும் சந்திக்கும் ஊர். மூடா பாசனத் திட்டத்தை நடத்தும் மாடா வாரியத்தின் நான்கு வட்டாரங்களில் இதுவும் ஒன்று. 1970இல் மூடா, பெடு அணைகளின் நீர் வாய்க்கால்களில் வரத் தொடங்கியதும் ஒரு போகம் இரு போகமானது. வருடத்தில் பல மாதங்கள் வீட்டைச் சுற்றிக் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவிகிதத்தை ஒட்டியே இருக்கும். ஆனால் வடகெடாவுக்குத் தெற்கு மாநிலங்களில் இல்லாத ஒரு குணம் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் உண்மையான வறட்சி வரும். வயல் வெடிக்கும், புல் காயும், மத்தியானக் காற்று ஈரத்தை இழந்துவிடும். ஏப்ரலில் மழை திரும்பும்.

மரம் இதைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. வெட்டி, உலர்த்தி, சாயம் பூசிய பின்னும் மரத்தின் நார்ச்சுவர்கள் காற்றிலிருந்து நீரை வாங்கும், விடும். காற்றின் ஈரப்பதம் 50 சதவிகிதமாக நீடித்தால் மரம் தன் எடையில் 9 சதவிகிதம் நீரோடு அமைதி கொள்ளும். 80 சதவிகிதமானால் அது 16 சதவிகிதத்தை நெருங்கும். இந்த நீர் மரத்தை அகலத்தில்தான் அதிகம் வீங்கவைக்கும். கித்தார் கழுத்துக்குப் பேர்போன வட அமெரிக்க மேப்பிள், பச்சை மரத்திலிருந்து முழுக்க உலர்வதற்குள் வளையங்களின் போக்கில் 9.9 சதவிகிதமும் அதற்குக் குறுக்கே 4.8 சதவிகிதமும் சுருங்கும். நார் ஓடும் நீளவாக்கிலோ 0.1, 0.2 சதவிகிதம்தான். கழுத்து நீளவாக்கில் வெட்டப்படுவதால் பயமில்லை என்று நினைக்கத் தோன்றும்.

அந்தச் சின்ன எண்தான் தொல்லை கொடுக்கிறது. கழுத்து ஒற்றை மரமல்ல. மேப்பிள் கழுத்தின்மேல் ரோஸ்வுட் போன்ற வேறு மரத்தில் விரல்பலகை ஒட்டியிருக்கும். கழுத்தின் முதுகு பூச்சு பூசி மூடப்பட்டது. விரல்பலகை பெரும்பாலும் பூச்சில்லாமல் திறந்து கிடப்பது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நீரைக் குடிக்கின்றன. 600 மில்லிமீட்டர் நீளத்தில் ஒன்று மற்றதைவிட 0.06 மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக நீண்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான். ஒட்டிப்பிடித்த இரண்டு அடுக்குகளில் ஒன்று நீண்டால் முழுதும் வளையத்தான் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கழுத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும். பேஸ் வாசிப்பவருக்கு 0.3 மில்லிமீட்டர் என்பது நல்ல கித்தாருக்கும் கெட்ட கித்தாருக்கும் உள்ள வித்தியாசம்.

எந்தப் பக்கம் வளையும்? மழைக்காலத்தில் முன்னால் வளையும் என்று ஒருவர் சொல்வார், பின்னால் என்று இன்னொருவர் சத்தியம் செய்வார். இரண்டு பேரும் தங்கள் கித்தாரைப் பொறுத்தவரை சரியாகவே சொல்லியிருக்கலாம். மரத்தின் வெட்டு, பூச்சு, விரல்பலகையின் தடிமன், பிசின் எல்லாம் சேர்ந்துதான் திசையைத் தீர்மானிக்கின்றன. ஊரின் வானிலையை வைத்துக் கழுத்தின் நிலையைச் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் இங்கே சொல்லிவிட வேண்டும்: ஒரே இரவில் கழுத்து கோணிக்கொண்டது என்று மேடையில் கேட்கும் புகார் பெரும்பாலும் மரத்தைப் பற்றியதல்ல. பூச்சு பூசிய மரம் ஈரத்துக்கு இணங்க நாட்கள், வாரங்கள் ஆகும். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கி மேடை விளக்கின் சூட்டில் நின்ற சில நிமிடங்களில் மாறுவது எஃகுக் கம்பிதான். சூடேறிய எஃகு நீளும், இழுப்பு தளரும், சுருதி இறங்கும். அதற்கு டியூன் பண்ணினால் போதும். கழுத்தைத் தொடக்கூடாது.

கழுத்தைத் தொட வேண்டியபோது தொடுவதற்கென்றே அதற்குள் ஓர் எஃகுக் கம்பி படுத்திருக்கிறது. டிரஸ் ராட் என்பார்கள். கிப்சன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாடியஸ் மெக்யூ 1921இல் இதற்குக் காப்புரிமை கேட்டு, 1923இல் பெற்றார். பழைய அமைப்பில் இந்தக் கம்பி கழுத்துக்குள் வளைவான பள்ளத்தில் கிடக்கும். ஒரு முனை மரத்தில் நங்கூரமிட்டிருக்கும், மறுமுனையில் மரை. மரையை முடுக்கினால் வளைந்த கம்பி நிமிரப் பார்க்கும், பார்க்கும்போதே கழுத்தைக் கம்பிகளின் இழுப்புக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளும். புதிய கித்தார்கள் பலவற்றில் இரட்டைச் செயல் ராட் உண்டு. அது முன்னாலும் தள்ளும், பின்னாலும் தள்ளும். வடகெடாவைப் போல ஈரமும் வறட்சியும் மாறி மாறி வரும் ஊருக்கு அதுவே உகந்தது. ஏனென்றால் பழைய ராடால் கழுத்தை ஒரு பக்கம்தான் தள்ள முடியும். கழுத்து ஏற்கெனவே பின்னால் வளைந்து போயிருந்தால் மரையைத் தளர்த்திவிட்டு, கம்பிகளின் இழுப்பு முன்னால் கொண்டுவரட்டும் என்று காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

கழுத்து முழுக்க நேராக இருக்க வேண்டும் என்று எண்ணுபவர்கள் உண்டு. ஆனால் தடித்த கம்பி அதிரும்போது நடுப்பகுதி மில்லிமீட்டர் கணக்கில் மேலும் கீழும் அலையும், ஓரங்கள் அசையாது. அந்த அலைச்சலுக்கு இடம் வேண்டும். அதனால் கழுத்து மிக மெலிதாக உட்குழிந்திருக்க வேண்டும். இந்தக் குழிவுக்கு ரிலீஃப் என்று பெயர். ஃபென்டர் நிறுவனம் தன் பேஸ்களுக்குச் சொல்லும் அளவு, விரல்பலகையின் வளைவைப் பொறுத்து, 0.25 முதல் 0.35 மில்லிமீட்டர் வரை. இதற்குக் குறைந்தால் கம்பி கரகரக்கும். கூடினால் நடு ஃபிரெட்டுகளில் விரல் வலிக்கும், அழுத்தும் ஒவ்வொரு சுரமும் ஏறி ஒலிக்கும்.

இப்போது அந்த மரையைத் திருப்பும் கருவிக்கு வருவோம். கித்தார்கள் பாழாவது பெரும்பாலும் இங்கேதான்.

அமெரிக்கத் தயாரிப்பான ஃபென்டர் பேஸ்களில் டிரஸ் ராடின் மரையில் பொதுவாக 3/16 அங்குல அறுகோணக் குழி இருக்கும். 1959இல் அமெரிக்காவும் பிரிட்டனும் மற்ற ஆங்கில நாடுகளும் ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று ஒப்புக்கொண்டன. அதன்படி 3/16 அங்குலம் 4.76 மில்லிமீட்டர். பெண்டாங் ஹார்ட்வேர் கடையில் தொங்கும் ஆலன் கீ அட்டையைப் பாருங்கள்: 1.5, 2, 2.5, 3, 4, 5, 6 என்று போகும். மலேசியா 1972இல் எடை, அளவைச் சட்டம் இயற்றி மெட்ரிக் முறைக்கு மாறிய நாடு. கடைகளில் மில்லிமீட்டர் கிடைப்பது இயல்புதான். 5 மில்லிமீட்டர் கீ அந்தக் குழிக்குள் நுழையவே நுழையாது. அதனால் கை தானாக அடுத்ததைத் தேடும். பெரிய செட்டாக இருந்தால் 4.5 இருக்கும். அது நுழைந்துவிடும். நுழைவதுதான் ஆபத்து.

குழியின் அகலம் 4.76, கீயின் அகலம் 4.5 என்றால், எதையும் பற்றாமல் கீ ஒவ்வொரு பக்கமும் 6 டிகிரிக்குச் சற்று மேல் வெறுமனே சுழலும். அதற்குப் பிறகு அது பற்றும் இடம் குழியின் மூலையல்ல, மூலையிலிருந்து விலகிய சுவர். அந்தச் சுவரை கீயின் கூர்விளிம்பு ஒரு கோடாகக் கீறும். மரை எஃகைவிட மென்மையான உலோகமாக இருந்தால், இரண்டு முறை பலமாகத் திருப்பினாலே மூலைகள் மழுங்கிக் குழி வட்டமாகத் தொடங்கும். வட்டமான குழியை எந்தக் கீயும் பிறகு திருப்பாது. கழுத்துக்குள் புதைந்த அந்த மரையை வெளியே எடுப்பது விரல்பலகையைப் பிரிக்கும் அளவுக்குப் போகலாம், அதற்குக் கித்தாரின் விலையை மிஞ்சிய செலவு ஆகலாம்.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்து இங்கே விற்கப்படும் பேஸ்களில் பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவுகளே இருக்கும். 5 மில்லிமீட்டர் குழிக்குள் நண்பரின் ஃபென்டர் கீயை விட்டால் 5 டிகிரிக்கு மேல் ஆட்டம். உடலின் மேல் கம்பிகள் முடியும் பிரிட்ஜில் கம்பியின் உயரத்தை ஏற்றி இறக்கும் பொடித் திருகுகளில் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்கப் பேஸ்களில் அவை 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீட்டர், சிலவற்றில் 1/16 அங்குலம், அதாவது 1.59. ஆசியப் பேஸ்களில் 1.5. 1/16 குழியில் 1.5 கீயைப் போட்டால் ஆட்டம் 4.5ஐப் போட்டது போலவே 6 டிகிரிதான். ஏனென்றால் இரண்டிலும் விகிதம் ஒன்றே. ஆனால் குழி அவ்வளவு சிறியதாக இருக்கும்போது மழுங்குவதற்கு உலோகமே அதிகமில்லை.

ஆகவே கருவி வாங்கும் முன் கித்தாரைப் படிக்க வேண்டும். தலையின் பின்புறத்திலோ கழுத்து உடலோடு சேரும் தகட்டிலோ எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் அதுவே அங்குலமா மில்லிமீட்டரா என்று சொல்லிவிடும். தயாரிப்பாளர் வெளியிடும் விவரத்தில் அளவும் இருக்கும். சில வடிவமைப்புகளில் குழியே இல்லை, மரையின் வெளிப்புறம் அறுகோணமாக இருக்கும். அதற்குக் குழாய் ஸ்பேனர். மியூசிக் மேன் பேஸ்களில் கழுத்தின் அடியில் ஓட்டைகளுள்ள சிறு சக்கரம் இருக்கும். ஓட்டையில் ஒரு மெல்லிய எஃகுக் குச்சியை விட்டுத் தள்ளினால் போதும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. தவறான அளவு என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. பழைய ஃபென்டர்களில் மரை கழுத்தின் உடற்பக்க முனையில் ஒளிந்திருக்கும், கழுத்தைக் கழற்றினால்தான் கை எட்டும்.

இந்த அளவுக் குழப்பம் கெடாவுக்குப் புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்து இயந்திரங்களில் போல்ட்டுகள் விட்வொர்த் முறையில் இருந்தன. ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்மொழிந்த அந்த முறையில் ஸ்பேனரின் மேல் பொறித்த எண் அதன் வாயின் அகலத்தைச் சொல்லாது, போல்ட்டின் தடிமனைச் சொல்லும். அமெரிக்க ஸ்பேனரையோ மெட்ரிக் ஸ்பேனரையோ அதில் மாட்டினால் முனை மழுங்கும். ஆலன் கீ பிறந்ததும் தொழிற்சாலையில்தான். அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்ட் நகரில் வில்லியம் ஆலனின் நிறுவனம் 1910 வாக்கில் தலையில்லாத, குழி வைத்த திருகுகளை விற்கத் தொடங்கியது. சுழலும் தண்டுகளில் துருத்திக்கொண்டிருந்த திருகுத் தலைகள் தொழிலாளிகளின் உடையைப் பிடித்து இழுத்து உயிர் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. உள்ளே அமிழ்ந்த திருகு எதையும் பிடிக்காது. பிரிட்ஜில் வலது உள்ளங்கை அழுந்தும் இடத்தில் அதே திருகு அமிழ்ந்திருப்பதும் அதே காரணத்தால்தான்.

திருப்பும் கருவி கையில் வந்த பிறகும் முதலில் அதை எடுக்கக்கூடாது. முதலில் வேண்டியது அளக்கும் கருவி. அதை பெண்டாங்கில் தேடி அலைய வேண்டியதே இல்லை. கப்சாய் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் எந்தப் பட்டறையிலும் இருக்கும். ஹோண்டா இஎக்ஸ்5இன் வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர். அதைப் பார்க்க மெக்கானிக் செருகும் எஃகுத் தகடுகளின் கொத்தான ஃபீலர் கேஜ்தான் பேஸ் கழுத்தின் குழிவையும் அளக்கும். கித்தாருக்கென்று தனியாக விற்கும் விலையுயர்ந்த கேஜும் இதுவும் ஒன்றே, அதே எஃகு, அதே தடிமன்.

அதுவும் கிடைக்கவில்லையா? சாதாரண எலெக்ட்ரிக் கித்தாரின் மிக மெல்லிய கம்பி பெரும்பாலும் 0.010 அங்குலம், அதாவது 0.25 மில்லிமீட்டர். அக்கூஸ்டிக் கித்தாரின் முதல் கம்பி பல செட்டுகளில் 0.012 அங்குலம், அதாவது 0.30. தூக்கி எறியவிருந்த பழைய கம்பியில் இரண்டு அங்குலம் வெட்டிவைத்தால் ரிலீஃபின் கீழ் எல்லையும் நடு அளவும் கையில் இருக்கும். உறையில் அச்சிட்ட தடிமனைப் பார்த்துக்கொண்டால் போதும், கம்பி உற்பத்தியாளர்கள் அந்த அளவில் மிகவும் கண்டிப்பானவர்கள்.

அளக்கும் விதம் இது. முதலில் வாசிக்கும் சுருதியிலேயே டியூன் பண்ணிக்கொள்ளுங்கள். தளர்ந்த கம்பியோடு அளந்தால் வேறு கழுத்தை அளந்ததாகிவிடும். கித்தாரை மேசையில் படுக்கப்போடாதீர்கள், மடியில் வாசிக்கும் நிலையில் பிடியுங்கள். கழுத்தின் எடையே 0.1 மில்லிமீட்டர் பொய் சொல்லவைக்கும். முதல் ஃபிரெட்டில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போவை மாட்டுங்கள். தடித்த கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் விரலால் அழுத்துங்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கம்பி இப்போது ஒரு நேர்கோடு. உலகத்தில் இதைவிட மலிவான, நேரான அளவுகோல் கிடையாது. எட்டாவது ஃபிரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிவயிற்றுக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரிகிறதா என்று பாருங்கள். அங்கே 0.25 தகட்டை மெதுவாகச் செருகுங்கள். கம்பியை உயர்த்தாமல், ஆனால் மெல்லிய உரசலோடு நுழைந்தால் அளவு சரி. தாராளமாக நுழைந்தால் 0.35ஐ முயலுங்கள். அதுவும் தாராளமாக நுழைந்தால் குழிவு அதிகம். எந்தத் தகடும் நுழையாமல் கம்பி ஃபிரெட்டைத் தொட்டுக்கொண்டே கிடந்தால் கழுத்து நேராக, அல்லது பின்னால் வளைந்து கிடக்கிறது.

விரல்நுனியில் உணரும் அந்த உரசல் சிலருக்கு முதலில் கைவராது. தோட்டங்களில் ரப்பர் பால்மரம் வெட்டியவர்களுக்கு அது வரும் என்று நான் நம்புகிறேன். பட்டையை வெட்டும்போது மரத்தின் உயிரடுக்குக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் அளவு விட்டு நிறுத்த வேண்டும். அதைவிட ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலோட்டமாக விட்டால் பால் குறையும், ஏனென்றால் பால் குழாய்கள் அந்த அடுக்கை ஒட்டியே நெருக்கமாக இருக்கின்றன. விடியலுக்கு முன்னால் தலைவிளக்கின் வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கை தானாகப் பிடித்தது. அளவுகோல் வைத்துப் பார்த்தல்ல, கத்தி நடக்கும்போது கைக்கு வரும் எதிர்ப்பை வைத்து.

அளந்தாயிற்று. குழிவு அதிகமென்றால், மரையின் முகத்தைப் பார்த்தபடி கடிகாரத் திசையில் திருப்பினால் கழுத்து நிமிரும். எதிர்த்திசையில் குழியும். தொடங்கும் முன் கீயின் நிலையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், எட்டில் ஒரு சுற்று இன்னும் நல்லது. பிறகு டியூன் பண்ணி மறுபடி அளவு. முடிந்தால் அன்றோடு விட்டுவிட்டு மறுநாளும் ஒருமுறை அளந்து பாருங்கள். மரம் மெதுவாகத்தான் இணங்கும். முடுக்கியபோது மரை கடுமையாக எதிர்த்தால் முதலில் இரண்டு ஓரக் கம்பிகளைச் சற்றுத் தளர்த்திவிட்டு, கழுத்தைக் கையால் பின்னோக்கி மெல்ல அழுத்தியபடி முடுக்குங்கள். அந்த அழுத்தம் மரையின் சுமையைக் குறைக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் அங்கே நிறுத்த வேண்டும். ராடின் இழை தீர்ந்திருக்கலாம், மரை துருப்பிடித்திருக்கலாம். பலம் கூட்டினால் ராட் முறியும்.

துருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயல் சூழ்ந்த ஊரில் வியர்வையும் ஈரக்காற்றும் முதலில் தின்பது பிரிட்ஜின் பொடித் திருகுகளைத்தான். இரண்டு வருடம் தொடாமல் விட்ட பேஸில் அந்தத் திருகுகளைச் சுற்றி துருப்பொடி பூத்திருக்கும். குழிக்குள்ளும் அதே பொடி நிரம்பியிருக்கும், அதனால் சரியான கீகூட முழு ஆழத்துக்கு இறங்காது. பாதி ஆழத்தில் பற்றி முழு பலத்தையும் கொடுத்தால் குழி மழுங்கும். முதலில் ஒரு ஊசிமுனையால் குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு துரு இளக்கும் எண்ணெயைத் தெளிப்பானிலிருந்து நேராக அடிக்காமல், ஊசிமுனையில் ஒரு துளி எடுத்துத் திருகின் ஓரத்தில் வையுங்கள். எண்ணெய் தெறித்தால் மரத்திலும் பிக்கப்பிலும் இறங்கும். ஓரிரவு விட்டுவையுங்கள். கீயை முழுதாக இறக்கி முதலில் முடுக்கும் திசையில் ஒரு நூலிழை அசைத்துப் பிடிப்பை உடைத்துவிட்டுப் பிறகு தளர்த்தினால் பெரும்பாலும் இளகும்.

கழுத்தையும் பிரிட்ஜையும் உடலோடு பிணைக்கும் கூட்டல் குறித் திருகுகளிலும் அளவுத் தகராறு உண்டு. ஹென்றி ஃபிலிப்ஸ் 1930களில் அமெரிக்காவில் பரப்பிய கூட்டல் குறியும் ஜப்பானியத் தரமான ஜிஸ் வகைக் கூட்டல் குறியும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவரின் நுனி சற்றுச் சரிந்திருப்பதால் ஜப்பானியத் திருகின் அடிவரை அது உட்காராது. திருப்பும்போது மேலே ஏறி வழுக்கிக் குறியைச் சிதைக்கும். தலையில் ஒரு சின்னப் புள்ளி பொறித்திருந்தால் அது ஜப்பானிய வகை. ஹோண்டா, யமஹா மோட்டார் சைக்கிள்களின் கார்புரேட்டர் திருகுகளோடு மல்லுக்கட்டிய மெக்கானிக்கிடம் கேட்டால் அந்தப் புள்ளியைக் காட்டித் தருவார். அவர் பெட்டியில் ஜிஸ் டிரைவரும் இருக்கும். ஜப்பானில் செய்த பேஸ் வைத்திருப்பவர்கள் அவரிடமே ஒன்று வாங்கிவரச் சொல்வது நல்லது.

கம்பியின் உயரத்துக்கு அரை மில்லிமீட்டர் கோடு போட்ட எஃகு அளவுகோல் போதும், பள்ளிக்கூட பிளாஸ்டிக் ஸ்கேல் உதவாது, அதன் பூஜ்யம் நுனியிலிருந்து தள்ளித் தொடங்கும். 17ஆவது ஃபிரெட்டில் தடித்த கம்பிக்குக் கீழே 2.4 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்குக் கீழே 2.0 என்பது நவீன வளைவுள்ள ஃபென்டர் பேஸ்களுக்குச் சொல்லும் அளவு. ரிலீஃபைச் சரிசெய்த பிறகுதான் இதற்கு வர வேண்டும். கழுத்து மாறினால் உயரமும் மாறும், முன்பின்னாகச் செய்தால் இரண்டு வேலை.

கடைசியில் இன்டோனேஷன் என்னும் சுருதிச் சேர்க்கை. வீணையில் 24 மெட்டுகளும் கருப்பு மெழுகில் பதிந்திருக்கும். மெழுகு வயதாகி மெட்டுகள் இடம் பிசகினால் மேளம் கட்டுபவர் மெழுகைச் சூடாக்கி ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு நகர்த்தி வைப்பார். பேஸ் கித்தாரின் ஃபிரெட்டுகள் மரத்தில் அறைந்தவை, நகராது. ஒவ்வொன்றும் முந்தையதைவிட 1.0595 மடங்கு சுருதி உயரும்படி தொழிற்சாலையிலேயே இடம் குறிக்கப்பட்டவை. ஆனால் கம்பியை ஃபிரெட்டில் அழுத்தும்போது அது சற்று நீள்கிறது, இழுப்புக் கூடுகிறது, சுரம் கணக்குக்கு மேலே ஏறுகிறது. தடித்த கம்பி வளைய மறுப்பதால் இந்த ஏற்றம் அதில் அதிகம். ஃபிரெட்டுகளை நகர்த்த முடியாததால் கம்பியின் மறுமுனையை நகர்த்துகிறோம். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு சேடில் உண்டு. தடித்த கம்பியின் சேடில் மற்றவற்றைவிடப் பின்தள்ளி நிற்பதற்குக் காரணம் அதுதான்.

12ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே கம்பியைத் தொட்டும் தொடாமலும் விரல்வைத்து மீட்டினால் வரும் மணியோசையும், அதே ஃபிரெட்டை அழுத்தி மீட்டும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் உயர்ந்திருந்தால் சேடிலைப் பின்னே இழுத்து நீளத்தைக் கூட்டுங்கள், தாழ்ந்திருந்தால் முன்னே தள்ளுங்கள். இதற்குக் காதை மட்டும் நம்ப வேண்டாம். இவ்வளவு தாழ்ந்த அதிர்வுகளில் மனிதக் காது சிறு வேறுபாடுகளைப் பிரித்தறிவதில் பலவீனமானது. கைப்பேசிச் செயலியும் தடித்த கம்பியில் அடிக்கடி தடுமாறும். பேச்சைப் பிடிக்கச் செய்த சிறு மைக்குக்கு 41 ஹெர்ட்ஸ் எட்டாது. கித்தாரின் தலையில் கவ்வும் கிளிப் டியூனர் காற்றைக் கேட்பதில்லை, மரத்தின் அதிர்வை நேரடியாக உணர்கிறது, அதனால் சந்தடியுள்ள மேடையிலும் ஏமாறாது. இன்டோனேஷனுக்குப் புதுக்கம்பி போட்டுக்கொள்வதும் முக்கியம். பழைய கம்பியின் சுற்றுகளுக்குள் அழுக்கும் துருவும் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் ஏறியிருக்கும். எடை ஒரே சீராக இல்லாத கம்பி எந்தச் சேடில் நிலையிலும் சுருதி சேராது.

தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் சிறு கட்டையின் பள்ளங்களை மட்டும் வீட்டில் அராவ வேண்டாம். அதற்கு ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் தனி அரம் வேண்டும், எடுத்த மரமோ எலும்போ திரும்பி வராது. முதல் ஃபிரெட்டில் மட்டும் கம்பி கடினமாக இருந்தால் அலோர் ஸ்டாரிலோ சுங்கைப் பட்டாணியிலோ வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். மற்றவற்றுக்கு, கித்தார் எந்த அளவோ அந்த அளவில் ஒரு நல்ல ஆலன் கீ, ஒரு ஃபீலர் கேஜ், ஓர் எஃகு அளவுகோல், ஒரு கிளிப் டியூனர் போதும். நாற்று நடும் முன் ஒருமுறை, பிப்ரவரி வறட்சியில் ஒருமுறை எட்டாவது ஃபிரெட்டில் அந்தத் தகட்டைச் செருகிப் பார்த்து, எவ்வளவு இடைவெளி என்று தேதியோடு கித்தார் பையில் ஒரு தாளில் எழுதிவையுங்கள். இரண்டு வருடத்தில் அந்தக் கழுத்து எந்த மாதத்தில் எந்தப் பக்கம் போகும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.